கணக்கு முடித்தல்

மரண தண்டனை வாசிக்கும் முன்
மின்விசிறிகளை நிறுத்துவார்கள்.
புதுக்கடையில் அதுதான் வழமை.
விளக்குகளும் அணையும்.
அதுவரை கேட்காததெல்லாம் அப்போது கேட்கும்:
வெளியே ஒரு ஆட்டோவின் ஹோர்ன்,
மூலையில் சாத்திய குடையிலிருந்து
சிமெந்துத் தரையில் சொட்டும் மழை,
எதிரியின் கைவிலங்கு.

எதிரி என்றுதான் சொல்வோம்
எங்கள் நீதிமன்றத் தமிழில், குற்றம் சாட்டப்பட்டவனை.
யாருக்கு எதிரி என்று
இருபத்தாறு வருட வேலையில்
ஒருநாளும் நான் கேட்டதில்லை.

அவன் பெயர் சந்தனம்.
புறக்கோட்டையில் மூட்டை தூக்கியவன்.
பண்டாரவளைத் தோட்டத்துப் பேச்சு,
ஒவ்வொரு பதிலின் முடிவிலும் ஒரு 'ங்க'.
நீதிபதிக்குத் தமிழ் தெரியாது.
அவனுக்குச் சிங்களம்
விலை கேட்கும் அளவுக்குத் தெரியும்.
நடுவில் நான்,
அரசாங்கச் சம்பளத்தில் ஒரு நாக்கு.

இறந்தவரை அன்றிரவு கண்டாயா?

"கண்டேங்க. அன்னைக்கே அவரு கணக்க முடிச்சிட்டேங்க."

ஆறாயிரத்து இருநூறு ரூபாய்க் கடன்.
துண்டு இல்லை, சாட்சி இல்லை.
ஐந்துலாம்புச் சந்தியில் வைத்து
எண்ணிக் கொடுத்தானாம்.
அதை மேன்முறையீட்டில்தான் யாரோ எழுதினார்கள்,
பதினேழாம் பக்கத்தில்.

எனக்கு அப்போது பகல் பன்னிரண்டரை. பசி.
கணக்கை முடிப்பதென்றால்
கடைத்தெருவில் என்னவென்று தெரியும்.
சினிமாவில் என்னவென்றும் தெரியும்.
வாயில் ஒரு சிங்கள வினைச்சொல் வந்தது.
சொன்னேன்.
தட்டெழுதுபவளின் விரல்கள் ஒருகணம் நின்று
பிறகு ஓடின.

கெவ்வா என்று ஒரு சொல் இருக்கிறது சிங்களத்தில்,
கொடுத்துத் தீர்த்தேன் என்பதற்கு.
சாமான் வாங்கப் போகும் பிள்ளைக்கும் தெரிந்த சொல்.

அதனால் மட்டும்தான் என்று சொல்லமாட்டேன்.
இரத்தம் பட்ட சாரம் இருந்தது.
ஓடுவதைக் கண்ட தேத்தண்ணிக்கடைப் பையன் இருந்தான்.
ஒரு சொல்லின் மேல் ஒரு கயிறு தொங்காது என்று
ஓய்வூதிய வரிசையில் நின்றபடி
எனக்கு நானே சொல்லியிருக்கிறேன்.

கொட்டாஞ்சேனைக்குப் போனேன் போன வருடம்,
இறந்தவரின் மனைவி செலஸ்டீனிடம்.
செவ்வாய்க்கிழமை. அந்தோனியாரிடம் போய் வந்திருந்தார்.
அந்தச் சொல்லைச் சொன்னேன்.
பாணை வெட்டிக்கொண்டே கேட்டார்.
"அப்ப ஆர் செய்தது?
அவனை விடுறதெண்டால்
வேறை ஒராளைத் தாங்கோ."
என்னிடம் ஆள் இல்லை.
"தூக்கத்தான் வேணும்," என்றார்.
நான் செருப்பு மாட்டும்போது,
"அந்தப் பெடிக்கு ஆரும் இருக்கினமோ?"

சட்டத்தரணி கேட்டார்:
இத்தனை வருடம் கழித்தா?
சரி, எந்த அர்த்தத்தில் சொன்னான் என்று
சத்தியக் கடதாசியில் எழுதுவீர்களா?
எழுத முடியாது.
இரண்டும் அந்த வாக்கியத்தில் இருந்தன.
நான் ஒன்றை எடுத்தேன்.

நம் நாட்டில்தான் தூக்குவதில்லையே, பிறகென்ன,
என்கிறார்கள் வெள்ளவத்தைக் கடற்கரையில்
என்னோடு நடக்கிறவர்கள்.
ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒருவர் மேடையில்
கயிற்றை ஞாபகப்படுத்துகிறார்.
அலுகோசு வேலைக்கு ஆள் தேவை என்று
பத்திரிகையில் வருகிறது.
வெலிக்கடையில் அதை யார் அவனுக்கு
வாசித்துச் சொல்வார்கள்?
எந்த மொழியில்?

பேஸ்லைன் வீதியால் பஸ் போகும்போது
மதில் இல்லாத பக்கம் பார்த்து உட்காருவேன்.

தீர்ப்பையும் நான்தான் அவனுக்குச் சொன்னேன்.
உயிர் பிரியும் வரை, என்ற அந்த நீண்ட வாக்கியம்
எங்களுக்கு மனப்பாடம்.
ஓரிடத்திலும் தடக்கவில்லை.
நீதிபதி பேனாவை முறித்தார்.
சந்தனம் என்னைப் பார்த்து
"சரிங்க" என்றான்.

அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.
யாரும் கேட்கவில்லை.
விசிறிகளைத் திரும்பப் போட்டார்கள்.